மூடியை நம்பாதீர்கள்: பழைய கார்ன் பிளான்டர், வாசகர் கேள்வி–பதில்

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் இருக்கும் வாசகர்கள் சிலர், பண்ணை ஏலங்களில் பழைய மக்காச்சோள விதைப்பு இயந்திரங்களை வாங்கிவிட்டு எங்களுக்குப் படமும் கேள்வியும் அனுப்புகிறார்கள். குதிரை பூட்டிய இரண்டு வரிசை பிளான்டர்கள்தான் அதிகம். இந்த மாதம் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

ஏலத்தில் இரண்டு வரிசை பிளான்டர் ஒன்று வாங்கினேன். விதைப்பெட்டி மூடியில் ‘டியர் அண்ட் மேன்சூர், மோலின்’ என்று வார்த்திருக்கிறது. 1910க்கு முந்தையது என்று விற்றவர் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகர், பியோரியா, இல்லினாய்

மூடியை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். டியர் அண்ட் மேன்சூர் என்பது சார்லஸ் டியரும் ஆல்வா மேன்சூரும் 1877இல் பிளான்டர் செய்வதற்கென்றே மோலினில் தொடங்கிய நிறுவனம். பிறகு டியர் அண்ட் கம்பெனியில் கலந்துவிட்டது. அதுவரை விற்றவர் சொல்வது சரி. ஆனால் பிளான்டரில் முதலில் உடைவதும் தொலைவதும் மூடிதான். பக்கத்துப் பண்ணையில் கிடந்த மூடி பொருந்தினால் அதை மாட்டிக்கொள்வார்கள். எழுத்து வார்த்த மூடியைச் சுவரில் மாட்டுவதற்காகவே சேகரிப்பவர்கள் இருப்பதால் புதிதாக வார்த்த நகல்களும் சந்தையில் உலவுகின்றன.

நகலைக் கண்டுபிடிக்க ஒரு வழி அளவு. வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு 1/8 அங்குலம், அதாவது ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும். அசல் மூடியையே அச்சாக வைத்து வார்த்தால் நகல் அந்த அளவு சிறுத்துப்போகும். 8 அங்குல மூடியில் இது 2 மில்லிமீட்டர். அசல் ஒன்று கிடைத்தால் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். பெட்டியின் விளிம்பு உரசி மூடியின் அடியில் பளபளப்பான வளையம் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பல வருடம் வேலை செய்த மூடியில் அது இருக்கும். நகலில் எழுத்தின் ஓரம் மழுங்கியும் அடிப்பக்கம் மணல் மணலாகவும் இருக்கும்.

இயந்திரத்தின் வயதை, விதை எப்படி விழுகிறது என்பதைப் பார்த்தே கணிக்க வேண்டும். கேல்ஸ்பர்க் ஊரின் ஜார்ஜ் பிரவுன் 1853இல் காப்புரிமை வாங்கிய வகையிலும் அதை ஒட்டி வந்தவற்றிலும் இரண்டு பேர் உட்கார வேண்டும். பின்னால் இருப்பவர் குதிரையை ஓட்டுவார். முன்னால் உட்கார்ந்த பையன், நிலத்தில் குறுக்காகக் கீறி வைத்த கோடு வரும்போதெல்லாம் கைப்பிடியைத் தள்ளி விதையை விழச் செய்வான். முன்பக்கம் இரண்டாவது இருக்கை இருந்ததற்கான போல்ட் துளைகள் தெரிந்தால் நீங்கள் மிகப் பழைய சரக்கைப் பார்க்கிறீர்கள்.

அடுத்தது, முடிச்சுக் கம்பி வந்த காலம். சம இடைவெளியில் முடிச்சுள்ள கம்பியை நிலத்தின் நெடுக இழுத்துக் கட்டி, முடிச்சு தட்டும்போதெல்லாம் விதை விழச் செய்தார்கள். டிகேட்டர் ஊரின் ஹாவர்த் குடும்பத்தார் செய்தது போன்ற கருவியைப் பழைய பிளான்டர் மேலேயே பூட்டினார்கள். கம்பியின் இழுவிசையே இரண்டு பெட்டிகளையும் இணைக்கும் சட்டத்தை இப்படியும் அப்படியும் தள்ளும். பெட்டியின் அடியில் விதையை எண்ணிப்போடும் இவற்றின் தட்டில் வட்டத் துளைகள் பெரிதாக இருக்கும். ஒரு குத்துக்கு, அதாவது ஒரே இடத்தில் சேர்ந்து விழ, வேண்டிய மூன்று நான்கு விதையும் ஒரே துளையில் அமரும்.

மூன்றாவது வகையில் கம்பி வெறும் சைகைதான் கொடுக்கும். தட்டைச் சுழற்றும் விசை சக்கர அச்சிலிருந்து சங்கிலி வழியாகவோ பல்சக்கரம் வழியாகவோ வரும். நடுவில் ஒரு கிளட்ச். தட்டின் ஓரத்தில் ஒவ்வொரு விதைக்கும் ஒரு சிறு குழி. ஒரு குத்துக்கு 2, 3, 4 என்று மாற்றும் நெம்புகோலும் இருந்தால் அது 20ஆம் நூற்றாண்டு இயந்திரம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஜான் டியரின் 999 இந்த ரகத்தில் ஏலங்களில் அடிக்கடி காணக் கிடைப்பது. நீங்கள் அனுப்பிய படத்தில் கிளட்சும் அந்த நெம்புகோலும் தெளிவாகத் தெரிகின்றன. மூடி என்ன சொன்னாலும், உடல் இந்த மூன்றாம் வகைதான்.

சக்கரத்தையும் பாருங்கள். பட்டா நடுவில் பிளந்து இரண்டு வளையமாக இருந்தால் அது திறந்த சக்கரம். விதைக்கு இரு பக்கமும் மண்ணை அழுத்திவிட்டு, நேர் மேலே இருக்கும் மண்ணை இளக்கமாக விடுவதற்காகச் செய்தது. வரிசைக்கு இரண்டு சக்கரம் வீதம் மொத்தம் நான்கு இருந்தால் கேல்வா ஊரின் ஹேய்ஸ் நிறுவனத்துடையதா என்று முதலில் சந்தேகப்படுங்கள். ‘பிளாக் ஹாக்’ என்று எழுதியிருந்தால் மோலினின் செக்லர் நிறுவனம். பி அண்ட் ஓ என்றால் கேன்டன் ஊரின் பார்லின் அண்ட் ஓரன்டார்ஃப், 1919இல் அதை இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் வாங்கியது.

வார்ப்பில் ‘பேட்’ (பேட்டன்ட், காப்புரிமை) என்று போட்டு ஒரு தேதி இருக்கிறது. மாதமும் வருடமும் படிக்க முடிகிறது, நாள் மட்டும் தேய்ந்துவிட்டது. கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், டெஸ் மோயின்ஸ், அயோவா

முடியும். அமெரிக்கக் காப்புரிமைகள் செவ்வாய்க்கிழமைகளில்தான் வழங்கப்படும். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே அதுதான் வழக்கம். மேலே சொன்ன பிரவுனின் காப்புரிமை 1853 ஆகஸ்ட் 2, செவ்வாய். ஆகவே அந்த மாதத்தின் நாலைந்து செவ்வாய்களை எழுதிக்கொண்டு, எந்த எண்ணின் மிச்சம் வார்ப்பில் தெரிகிறது என்று பாருங்கள். டார்ச்சைப் படுக்கையாகப் பிடித்து அடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் காட்டும். தேதி உறுதியானால் காப்புரிமை அலுவலகத்தின் பழைய பதிவுகளில் அந்த நாளில் வந்த விதைப்பு இயந்திரங்களைத் தேடி, வரைபடத்தோடு ஒப்பிடலாம்.

அது இயந்திரம் பிறந்த தேதி ஆகாது. அதற்கு முன்னால் செய்திருக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். ஒரே வார்ப்பு அச்சை வருடக்கணக்கில் பயன்படுத்தினார்கள். பல தேதிகள் இருந்தால் கடைசித் தேதியே கணக்கு.

சக்கரம் ஒரு பக்கமாகச் சுற்றினால் சுற்றுகிறது, எதிர்ப்பக்கம் சுற்றினால் அச்சோடு சேர்ந்து இறுகிக்கொள்கிறது. பெட்டிக்குள் விதைத்தட்டு அசையவே இல்லை. சுத்தியல் எடுக்கலாமா?
– வாசகர், ஃபோர்ட் வெய்ன், இந்தியானா

சுத்தியலைக் கீழே வையுங்கள். முதலாவது பழுதே இல்லை. பெரும்பாலான பிளான்டர்களில் சக்கரத்தின் குடத்துக்குள் ஒருபக்கப் பற்கள் இருக்கும். வரப்போரத்தில் திரும்பும்போது வெளிச்சக்கரம் முந்திக்கொள்ள வழிவிடத்தான் அப்படி. இரண்டு பக்கமும் சும்மா சுற்றினால்தான் கவலைப்பட வேண்டும். உள்ளே கொக்கி தேய்ந்திருக்கும், அல்லது அதன் ஸ்பிரிங் போயிருக்கும்.

தட்டு இறுகியதற்குப் பெரும்பாலும் பழைய விதைத்தூசும் துருவும் சேர்ந்த கட்டிதான் காரணம். அதைச் சுரண்டும் முன் கையுறையும் சுவாச வடிகட்டியும் போடுங்கள். 20ஆம் நூற்றாண்டில் விதையில் பூஞ்சாணத்துக்காகப் பூசிய மருந்துகளில் செரசான் போன்ற பாதரசக் கலவைகளும் உண்டு. பெட்டியின் மூலையில் இளஞ்சிவப்புப் பொடி ஒட்டியிருந்தால் மருந்து பூசிய விதையின் மிச்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காற்றடித்துக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டி, கவுண்டியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள்.

துருப்பிடித்த இணைப்புக்கு அசிட்டோனும் தானியங்கி கியர் எண்ணெயும் சம அளவு கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். கலவை பிரிந்துபோகும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். ஒரு வாரமாவது பொறுங்கள். அது தீப்பற்றும் திரவம், ஆகவே அதை ஊற்றிய இடத்தில் டார்ச் நெருப்பு கூடாது. சூடுதான் வழி என்று முதலிலேயே முடிவு செய்தால் கலவையே வேண்டாம். வெளியே இருக்கும் குடத்தை மட்டும் சுற்றிச்சுற்றிச் சூடேற்றி, பாரஃபின் மெழுகுவர்த்தியை இடுக்கில் தொடுங்கள். மெழுகு உருகி உள்ளே இழுக்கப்படும். கை தாங்கும் அளவுக்கு ஆறியதும் மெல்ல முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இரண்டு மூன்று சுற்று செய்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். வார்ப்பிரும்பில் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தால் அந்த நிமிடமே விரிசல் விழும்.

சங்கிலியைக் கழற்றி எண்ணெயில் ஊறவையுங்கள். அது ஒவ்வொரு கண்ணியும் தனியாகக் கழன்று வரும் ரகம், எவர்ட் 1874இல் காப்புரிமை வாங்கியது. கண்ணியை நன்றாக மடக்கிப் பக்கவாட்டில் தள்ளினால் வந்துவிடும். தேய்ந்திருந்தால் புதியது இன்றும் கிடைக்கிறது. 10 கண்ணியை இறுக்கி அளங்கள். 11½ அங்குலம் வந்தால் 32ஆம் எண், 13¾ வந்தால் 42ஆம் எண். தேய்ந்த சங்கிலி கொஞ்சம் நீண்டே காட்டும். மாட்டும்போது கொக்கியின் திறந்த வாய் பல்சக்கரத்தைப் பார்க்காமல் வெளியே பார்க்க வேண்டும்.

விதைத்தட்டுகளை மணல் வீச்சில் சுத்தம் செய்து தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், ஆன் ஆர்பர், மிச்சிகன்

சக்கரத்தைக் கொடுங்கள், தட்டைக் கொடுக்காதீர்கள். தட்டின் குழி ஓரம்தான் ஒரு விதையா இரண்டா என்று தீர்மானிக்கிறது. மணலோ கம்பி பிரஷ் சக்கரமோ பட்டால் அந்த ஓரம் உருண்டுவிடும், பிறகு இரட்டை விதை விழும்.

தட்டுக்கு மின்பகுப்பே சரி. பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு காலன் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. பழைய இரும்புத் தகடு ஒன்றைத் தொங்கவிட்டு 12 வோல்ட் சார்ஜரின் நேர்முனையை அதில் மாட்டுங்கள். எதிர்முனை விதைத்தட்டில். இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது. முனையை மாற்றி மாட்டினால் உங்கள் தட்டுதான் கரையும். துருப்பிடிக்காத எஃகை நேர்முனையில் போடாதீர்கள், நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். துத்தநாகம் பூசிய பாகத்தையும் தொட்டியில் போடக் கூடாது. ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்தவெளியில் செய்யுங்கள், பாகத்தைத் தொடும் முன் சார்ஜரை அணையுங்கள். ஒரு பகல் ஓர் இரவு போதும். எடுத்தவுடன் கழுவி, சூட்டில் காயவைத்து, உலர்ந்த கிராஃபைட் தேய்த்துவிடுங்கள். தட்டிலும் பெட்டியின் அடித்தளத்திலும் பெயிண்ட் வேண்டவே வேண்டாம்.

கொழுவுக்கு மேலே விதை இறங்கும் கால் பாகத்தில் நீளமான விரிசல். வீட்டில் சாதாரண வெல்டிங் மெஷின் இருக்கிறது. போதுமா?
– வாசகர், கொலம்பஸ், ஒஹையோ

போதாது. முதலில் அது என்ன இரும்பு என்று பாருங்கள். உடைந்த முகம் முழுதும் ஒரே சாம்பல் நிறமாக, பொரபொரப்பாக இருந்தால் சாதாரண வார்ப்பு. ஓரம் வெளுத்து நடு கறுத்திருந்தால் வளையும் வார்ப்பிரும்பு. நெம்புகோல், கொக்கி, சங்கிலிக் கண்ணி எல்லாம் அந்த இரண்டாவது ரகத்தில் செய்தார்கள். அதை உருக்கி வெல்டிங் செய்தால் வெல்டிங்கை ஒட்டிய இடம் கண்ணாடி போல நொறுங்கும் வெள்ளை இரும்பாகிவிடும். அதனால்தான் பார்க்க அழகாக இருக்கும் ஒட்டு முதல் நாளே பக்கத்தில் விட்டுப்போகிறது.

இரண்டுக்குமே வெண்கலக் கம்பியால் பிரேசிங் செய்வது நல்லது. விரிசலின் இரு முனையிலும் 3 மில்லிமீட்டர் துளை போட்டு அது ஓடாமல் நிறுத்துங்கள். வி வடிவத்தில் அரத்தால் திறந்து, எண்ணெயைச் சுத்தமாக எரித்துப் போக்குங்கள். பாகம் முழுவதையும் மெல்லச் சூடாக்கிவிட்டுத்தான் ஒட்டவேண்டும். முடிந்ததும் உலர்ந்த சாம்பலிலோ சுண்ணாம்பிலோ புதைத்து மறுநாள் எடுங்கள். விதை இறங்கும் உள்பக்கத்தில் வெண்கலம் வழிந்து மேடு கட்டியிருந்தால் அரத்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் விதை அதில் தட்டிச் சிதறும்.

எங்கள் ஊர்ப் பண்ணை அருங்காட்சியகத்தில் 80 ராட் முடிச்சுக் கம்பிச் சுருள் ஒன்று, பிளான்டரோடு இருக்கிறது. வசந்தத்தில் சதுர நடவு காட்ட விரும்புகிறோம். போன வருடம் முயன்றபோது நேர்வரிசை சரியாக வந்தது, குறுக்குவரிசை கோணல்மாணலாகப் போனது. ஏன்?
– தன்னார்வலர், அயோவா சிட்டி

கேட்க வேண்டிய கேள்வி. குறுக்குவரிசை நேராக வருவதுதான் சதுர நடவின் உயிர். குதிரைக் களைக்கருவி நெடுக்கிலும் குறுக்கிலும் போகவேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடும். களைக்கொல்லி வந்த பிறகு இந்த முறைக்கே வேலையில்லாமல் போய்விட்டது.

80 ராட் என்பது 1,320 அடி, கால் மைல். சதுரமான 40 ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் சரியாக அவ்வளவுதான். 40 அங்குல இடைவெளியில் முடிச்சு இருந்தால் கம்பி நெடுக 396 முடிச்சு. 42 அங்குலக் கம்பிகளும் உண்டு, ஆகவே முதலில் 10 இடைவெளியை ஒரேயடியாக அளந்து பாருங்கள். பிளான்டரின் வரிசை இடைவெளியும் அதுவாகவே இருந்தால்தான் சதுரம் வரும். வெவ்வேறு கம்பித் துண்டுகளை யாராவது ஒட்டுப்போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஒட்டில் இரண்டு அங்குலம் தவறினாலும் அதற்கு அப்புறம் எல்லாமே தள்ளிப்போகும்.

கம்பி நிலத்தின் இரு கோடியிலும் முளையில் கட்டியிருக்கும். பிளான்டர் போகும்போது கம்பி அதன் பக்கவாட்டுத் தலையில் ஏறி, கவைக்கு நடுவே நழுவும். முடிச்சு கவையைத் தட்டியதும் இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடக்கும். காலின் அடியில் இருக்கும் அடைப்பு திறந்து, அங்கே தயாராக இருக்கும் குத்து மண்ணில் விழும். மேல் அடைப்பும் திறந்து, அடுத்த குத்து அடியடைப்புக்கு இறங்கும். கிளட்ச் பிடித்து, தட்டு அதற்கடுத்த குத்தை எண்ணிப்போடும். விதை மண்ணுக்குப் போகும் கடைசி தூரம் சில அங்குலம் மட்டுமே என்பதால் மூன்று விதையும் ஒன்றாக விழுகின்றன. அடியடைப்பு துருவால் முழுக்க மூடவில்லை என்றால் விதை ஒழுகி, குத்து நீண்ட வால் போல விழும்.

இனி உங்கள் கோணலுக்கு வருவோம். நட்ட உடனே மண்ணைத் தோண்டி நாலு சாலிலும் குத்துகள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். போகும்போது நட்ட இரண்டு வரிசைக்கும் திரும்பும்போது நட்ட இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரே அளவு விலகல் நிலம் முழுதும் இருந்தால், ஏர்க்காலின் உயரமே காரணம். முன்பக்கம் தூக்கியிருந்தால் காலின் அடி முன்னே சாய்ந்து, குத்து போகும் திசையில் முந்தி விழும். தாழ்ந்திருந்தால் பிந்தி விழும். திரும்பும்போது திசை மாறுவதால் தவறு இரட்டிப்பாகித் தெரியும். கொழு நடவு ஆழத்தில் இருக்கும்போது விதைப்பெட்டியின் வாய் மேல் ரசமட்டம் வையுங்கள், சமமாக இருக்க வேண்டும். குதிரைக்குப் பதில் டிராக்டர் பூட்டுகிறவர்கள் ஏர்க்காலை வெட்டிக் கொக்கி மாட்டியிருப்பார்கள். டிராக்டரின் இழுகம்பி எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்குப் பிளான்டர் தலைநிமிர்ந்தோ கவிழ்ந்தோ நிற்கும். உங்களுடையதும் அப்படித்தான் என்று படம் சொல்கிறது.

விலகல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டே போனால் கம்பியின் இறுக்கம் காரணம். ஒவ்வொரு திருப்பத்திலும் முளையைப் பிடுங்கி நடும்போது ஒரே ஆள், ஒரே அளவு இழுக்க வேண்டும். அங்கங்கே ஒரு குத்து மட்டும் தவறினால் கிளட்சின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது கவை முழுதாகத் திரும்பி வரவில்லை. பார்வையாளர்களைக் கம்பியின் நேர்கோட்டிலும் முளைக்குப் பின்னாலும் நிற்க விடாதீர்கள். துருப்பிடித்த பழைய கம்பி அறுந்தால் சாட்டையாக வரும்.

கம்பி இல்லாமல், வரிசையாக மட்டும் விதைக்கப் பார்க்கிறோம். இப்போதைய விதை சில இடத்தில் உடைகிறது, சில இடத்தில் விழவே இல்லை.
– வாசகர், மேடிசன், விஸ்கான்சின்

தட்டுக்கும் விதைக்கும் பொருத்தமில்லை. பழைய தட்டுகள் பல்வகை: விதை செங்குத்தாக நிற்கும் மெல்லிய குழி, படுத்திருக்கும் அகலக் குழி என்று. உருண்டை விதையை மெல்லிய குழித் தட்டில் போட்டால் பாதி வெளியே நிற்கும், குழிக்கு மேல் மிஞ்சும் விதையை வழித்துத் தள்ளும் வெட்டுநாக்கு அதை நசுக்கும். விதை வாங்கும்போதே தட்டையா உருண்டையா, எந்த அளவு என்று பையில் பார்த்து வாங்குங்கள். ரீட்ஸ் யெல்லோ டென்ட் போன்ற பழைய ரகத்தைச் சொந்தக் கதிரிலிருந்து எடுத்தால், கதிரின் அடியிலும் நுனியிலும் இருக்கும் மணிகளை முதலில் உதிர்த்து ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியை மட்டும் விதைக்கு வையுங்கள். அந்தக் காலத்திலும் அப்படித்தான் செய்தார்கள்.

பிறகு சக்கரத்தைத் தூக்கி முட்டுக்கொடுத்து, 100 குழி கடக்கும்வரை கையால் சுற்றி விதையை எண்ணுங்கள். 95க்கும் 105க்கும் நடுவில் வந்தால் விட்டுவிடலாம். குறைவாக வந்து, அதே விதை குழியிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் குழியிலிருந்து விதையைக் கீழே தள்ளும் தள்ளுநாக்கு துருவில் சிக்கியிருக்கிறது. உடைந்த விதை அதிகமாக இருந்தால் வெட்டுநாக்கின் ஸ்பிரிங் இறுக்கம் கூடுதல், அல்லது யாரோ கதவு ஸ்பிரிங்கை வெட்டி மாட்டியிருக்கிறார்கள். ஒரு பெட்டி விதைக்கு ஒரு மேசைக்கரண்டி கிராஃபைட் தூள் கலந்தால் ஓட்டம் சீராகும்.

வயலில் சரிபார்க்க ஓர் ஏக்கரின் ஆயிரத்தில் ஒரு பங்கை அளங்கள். 40 அங்குல வரிசைக்கு அது 13 அடி 1 அங்குலம், 38 அங்குலத்துக்கு 13 அடி 9, 36க்கு 14 அடி 6. அந்த நீளத்தில் மண்ணை விலக்கி விதையை எண்ணி ஆயிரத்தால் பெருக்குங்கள். ஒப்பிட ஒரு கணக்கு: 40க்கு 40 சதுரத்தில் ஏக்கருக்கு 3,920 குத்து, குத்துக்கு 3 என்றால் 11,760 விதை. இந்த இயந்திரங்களை அந்த அடர்த்திக்குத்தான் செய்தார்கள். இன்றைய ஹைப்ரிட் பையில் போட்டிருக்கும் எண்ணிக்கையை இதில் எட்டப் பார்த்தால் தட்டு வேகமாகச் சுற்றி, குழி நிரம்பாமலே போகும். குதிரை நடக்கும் வேகத்துக்கு மேல் டிராக்டரை விடாதீர்கள்.

பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று புதுசாகப் பளபளக்க அடிக்கலாமா?
– வாசகர், நேப்பர்வில், இல்லினாய்

அடிக்கும் முன் ஈரத்துணியோடு ஒரு முறை முழுக்கத் துடைத்துப் பாருங்கள். பெட்டியின் பக்கவாட்டிலும் சட்டத்தின் கீழ்ப்பக்கத்திலும் அச்சிட்ட எழுத்தின் மிச்சம் கிடைத்தால் அந்த இடத்தைத் தொடாதீர்கள், ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவி விட்டுவிடலாம். அசல் எழுத்துள்ள துருப்பிடித்த பிளான்டரை நாங்கள் புதுப் பெயிண்ட் அடித்ததை விட மேலாகவே மதிப்போம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, உலர்வாகத் தேய்ப்பதையும் நெருப்பால் சுடுவதையும் தவிருங்கள். ஈரமாகத் தேய்க்கலாம், பசை போன்ற பெயிண்ட் நீக்கியும் பரவாயில்லை. சதுர நட்டுகளைத் தூக்கிப்போட்டு அறுகோண நட்டு மாட்டாதீர்கள். கழற்றும்போதே எந்த இடத்தது என்று சீட்டு எழுதிக் கட்டிவையுங்கள், பழைய துளைகள் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது.